கடலோரக் கிணற்றில் நல்ல தண்ணீர் எப்படி?



அரையாண்டு லீவில் குடும்பத்தோடு இராமேஸ்வரம் போயிருந்தோம். அது ஒரு தீவு. சுற்றிலும் கடல். பாம்பன் பாலத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். 1914-ல் திறந்த பழைய ரயில் பாலத்துக்குப் பதில், 2025 ஏப்ரல் முதல் புதுப் பாலத்தில் ரயில் ஓடுகிறது.

முதலில் அக்னி தீர்த்தத்தில் குளித்தோம். அது கடல்தான். பிறகு ஈரத்துணியோடு கோயிலுக்குள் 22 தீர்த்தங்கள். பெரும்பாலும் கிணறுகள். வாளியில் இறைத்துத் தலையில் ஊற்றுகிறார்கள். உதட்டில் பட்ட தண்ணீர் கடல் மாதிரி கரிக்கவே இல்லை!

"இவ்வளவு பக்கத்துல கடல் இருக்கே, கிணறு எப்படிம்மா உப்பா இல்ல?" என்று கேட்டேன். "எல்லாம் சாமி மகிமைடா. மத்ததை உங்க சார்கிட்ட கேளு" என்றார் அம்மா. அறிவியல் சார் சொன்னதைக் கீழே எழுதியிருக்கிறேன்.

காரணம் என்ன?

1 லிட்டர் நல்ல தண்ணீரின் எடை 1000 கிராம். உப்பு கரைந்திருப்பதால் 1 லிட்டர் கடல் நீர் சுமார் 1025 கிராம். தீவில் பெய்யும் மழை மணலுக்குள் இறங்குகிறது. எடை குறைந்த மழை நீர், அடியில் இருக்கும் உப்பு நீரின் மேல் மிதக்கிறது. அதைத்தான் கிணறு நமக்குத் தருகிறது. தனுஷ்கோடியில் மணலைக் கொஞ்சம் தோண்டினாலே நல்ல தண்ணீர் ஊறுவதும் இதனால்தான்.

கவனிக்க வேண்டிய கணக்கு

நல்ல தண்ணீர் கடல் மட்டத்துக்கு மேல் 1 அடி நின்றால், கீழே சுமார் 40 அடி வரை இருக்கும். மோட்டார் போட்டு இறைத்து மேலே 1 அடி குறைத்தால், அடியிலிருந்து உப்பு நீர் 40 அடி வரை ஏறிவிடும்! ஒருமுறை கிணறு உப்பாகிவிட்டால் லேசில் சரியாகாது. பல மழைக்காலம் ஆகும்.

செய்து பாருங்கள்

பாதி டம்ளர் தண்ணீரில் 3 ஸ்பூன் உப்பைக் கரையுங்கள். வேறொரு டம்ளரில் நல்ல தண்ணீரில் நீல மை ஒரு சொட்டு விடுங்கள். அதை ஸ்பூனின் முதுகு வழியாக மெதுவாக உப்புத் தண்ணீர்மேல் ஊற்றுங்கள். நீலம் மேலேயே நிற்கும். (குடித்துவிடாதீர்கள்!)

தமிழ்நாட்டில் 2003-லேயே வீட்டுக்கு வீடு மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள். உங்கள் வீட்டுக் குழாய் அடைத்திருக்கிறதா என்று இன்றே பாருங்கள். தீர்த்தம் என்று தலையில் ஊற்றிக்கொள்வதும் மழைத் தண்ணீர்தானே!

- 9-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்