அந்த ஐந்து நாளும் என் தட்டும்

தங்கைகளே, போன வருஷம் வரைக்கும் வீட்டில் எனக்குக் 'கோபக்காரி' என்றுதான் பேர். ஒருநாள் தேவார வகுப்பில் ஒரு சின்னப் பிள்ளை தப்பாகப் பாடியதற்குக் கத்திவிட்டேன். மறுவாரம் அவள் வரவே இல்லை. அன்றிரவு நாட்காட்டியைப் பார்த்தேன். மாதவிலக்கு வர ஐந்து நாள் இருந்தது. முந்தின மாதம் அம்மாவோடு சண்டை போட்டதும் இதே கணக்கில்தான்.

கருமுட்டை வெளியான பிறகு ஹார்மோன்கள் ஏறி இறங்கும். அப்போது சிலருக்கு வயிறு உப்பும், மார்பு வலிக்கும், எரிச்சலும் அழுகையும் வரும். மாதவிலக்கு தொடங்கிச் சில நாளில் அடங்கிவிடும்.

மூன்று மாதம் சாப்பாட்டையும் மனநிலையையும் எழுதி வைத்தேன். படித்தால் எனக்கே வெட்கம்! காலையில் வெறும் தே தாரிக், ராத்திரி பாக்கெட் மீ. உப்பு உடம்பில் தண்ணீரைத் தேக்கும். உலகச் சுகாதார நிறுவனம் சொல்வது ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள். மீ தூளை முழுசாகக் கொட்டினால் அதில் பெரும்பங்கு அங்கேயே போய்விடும். இப்போது பாதித் தூள்தான். தேநீரையும் ஒரு வேளையாகக் குறைத்தேன், தூக்கம் வந்தது.

சுண்ணாம்புச் சத்துக்கு ஆதாரம் உண்டு. 1998-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வில், தினமும் 1200 மில்லிகிராம் எடுத்த பெண்களுக்கு மூன்றாம் மாதத்தில் அறிகுறிகள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. வெறும் மாத்திரை எடுத்தவர்களுக்கும் ஓரளவு குறைந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். நான் மாத்திரைக்குப் போகவில்லை; அதை டாக்டரிடம் கேட்காமல் வாங்காதீர்கள். ஆடியில் அம்மன் கோயிலில் ஊற்றுகிற கேழ்வரகுக் கூழ் இருக்கிறதே, அதைத்தான் காலையில் தயிர் ஊற்றிக் குடிக்கிறேன். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. தௌபூவும் கீரையும் சேர்த்துக்கொள்கிறேன்.

வெள்ளிக்கிழமை விரதம்தான் சிக்கல். வெறும் வயிற்றில் இருந்தால் அந்த வாரம் தலைவலியும் கோபமும் இரண்டு மடங்கு. அம்மா முகம் சுளித்தார். பாட்டிதான், "பாலும் பழமும் விரதந்தான்டி" என்று முடித்து வைத்தார்.

எல்லாம் மாறிவிட்டது என்று சொல்லமாட்டேன். உப்புசம் நன்றாகக் குறைந்தது, கோபம் கொஞ்சம்தான். ஆனால் அது வரும் நாள் இப்போது எனக்குத் தெரியும். பள்ளிக்கே போக முடியாத அளவு இருந்தாலோ, உயிரோடு இருக்கவே வேண்டாம் என்று தோன்றினாலோ, சாப்பாட்டை மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். வீட்டில் சொல்லி உடனே டாக்டரிடம் போங்கள்.

அந்தப் பிள்ளை வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். வகுப்புக்குத் திரும்பி வந்துவிட்டாள். இன்னும் இரண்டு வரிசை தள்ளித்தான் உட்காருகிறாள்.