குழுவாகப் புறப்படலாம், தனித்தனியாகத்தான் நுழைய முடியும்

கெடாவின் சுங்கை பட்டாணி, கூலிம், பீடோங் முதலிய ஊர்களிலிருந்தும் அவற்றைச் சூழ்ந்த தோட்டப்புறங்களிலிருந்தும் பாட்டி முதல் பேரப்பிள்ளை வரை குடும்பத்தோடு ஐரோப்பியக் குழுச் சுற்றுலாவுக்குப் புறப்படும் தமிழரிடையே காணப்படும் ஒரு நம்பிக்கை, பயண முகவரிடம் பணம் கட்டிவிட்டால் குழுத் தலைவரே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வார் என்பதும், குழு முழுவதும் ஒன்றாகவே நகருக்குள் நுழைந்துவிடும் என்பதும் ஆகும். பேருந்திலும் விடுதியிலும் குழு என்ற ஒன்று உண்டு. விமான நிலையத்தின் குடிநுழைவு முகப்பில் அது கிடையாது. அங்கே ஒவ்வொருவரும் தமக்குரிய கடப்பிதழோடு தனியாக நின்று, திரும்பும் பயணச்சீட்டு, தங்குமிடம், செலவுக்கான பணம் ஆகியவை பற்றி அதிகாரி கேட்டால் தாமே விடை சொல்ல வேண்டியவர்கள்.

மலேசியருக்கு ஐரோப்பாவில் விசா தேவையில்லை என்பது உண்மையே. தமக்குள் எல்லைச் சோதனையை நீக்கிக்கொண்ட 29 நாடுகளின் தொகுதியான ஷெங்கன் பகுதியில், மலேசியக் கடப்பிதழ் உடையவர் எந்த 180 நாட்களிலும் 90 நாட்கள் வரை விசா இன்றித் தங்கலாம். ஆனால் இச்சலுகை குடியுரிமைக்கு உரியதேயன்றி மலேசியாவில் வாழ்வதற்கு உரியதன்று என்பதைத் தோட்டப்புறக் குடும்பங்கள் மறந்துவிடக் கூடாது. 1957 ஆகஸ்டு 31க்கு முன் பிறந்து, குடியுரிமைக்கு விண்ணப்பிக்கத் தெரியாமலோ ஆவணம் இல்லாமலோ விடுபட்டுப்போன முதியோர் சிலர், நிரந்தரவாசிகளுக்குரிய சிவப்பு அடையாள அட்டையோடே வாழ்நாள் முழுவதும் பால்வெட்டி, பிள்ளைகளைக் குடிமக்களுக்குரிய நீல அட்டைக்காரர்களாக வளர்த்திருக்கிறார்கள். இத்தகைய பாட்டி ஒருவர் மகனுடைய குழுவில் இருப்பதால் மட்டும் மகனுக்குரிய சலுகையைப் பெற மாட்டார். அவர் இந்தியக் கடப்பிதழ் வைத்திருந்தால் ஷெங்கன் விசா கட்டாயம். எந்த நாட்டுக் குடியுரிமையும் இல்லாதவராயின், கடப்பிதழுக்கு ஈடாக மலேசியக் குடிநுழைவுத் துறை வழங்கும் அடையாளச் சான்றிதழை முதலில் பெற்று, அதன்பின் விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். குழு அதிக இரவுகள் தங்கும் நாடு எதுவோ அந்நாட்டிடமே விண்ணப்பம் செல்ல வேண்டும். விரல்ரேகை பதியப் பாட்டியே நேரில் செல்ல வேண்டும். குறைந்தது 30,000 யூரோ மதிப்புள்ள மருத்துவப் பயணக் காப்புறுதியும் வேண்டும். முடிவுக்கு வழக்கமாக 15 நாட்கள் ஆகும், சில வேளை 45 நாட்கள் வரை நீளும். விண்ணப்பத்தைப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே அளிக்கலாம் என்பதால், முன்பணம் கட்டுவதற்கு முன்பே வீட்டிலுள்ள ஒவ்வொருவரின் அட்டை நிறத்தையும் பார்ப்பதே முறை. வாழ்நாள் உழைப்புக்குப் பின் முதன்முறையாக வெளிநாடு புறப்படும் மூதாட்டியை விமான நிலையத்திலிருந்து திருப்பி அனுப்பும் நிலைக்கு இடமளிப்பது பெருங்கொடுமை.

லண்டனும் பாரிசும் ஒரே பயணத்தில் வருவதால் ஒரே அனுமதி போதும் என்று கருதுவதும் தவறு. பிரிட்டன் ஷெங்கனில் இல்லை. 2025 ஜனவரி 8 முதல் மலேசியர் ஒவ்வொருவரும், கைக்குழந்தை உட்பட, பிரிட்டன் செல்லும் முன் மின்னணுப் பயண அனுமதி பெற்றிருக்க வேண்டும்.

கடப்பிதழில் முத்திரை விழுந்தால் வேலை முடிந்தது என்ற பழைய எண்ணமும் காலாவதியாகிவிட்டது. ஷெங்கன் பகுதிக்குள் வந்துபோகும் வெளிநாட்டவரின் முகப்படத்தையும் நான்கு விரல்களின் ரேகையையும் கணினியில் பதியும் முறை 2025 அக்டோபர் 12 முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. 12 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு விரல்ரேகை இல்லை, கட்டணம் யாருக்கும் இல்லை. முதல் பதிவுக்கு நேரம் பிடிக்கும். இப்பதிவு குழு முதலில் தரையிறங்கும் ஷெங்கன் விமான நிலையத்திலேயே நடக்கிறது. கோலாலம்பூரிலிருந்து ஆம்ஸ்டர்டாம் சென்று அங்கிருந்து ரோமுக்கு மாறுவோருக்குச் சோதனை ஆம்ஸ்டர்டாமில்தான், ரோமில் அன்று. ஆகவே விமானம் மாறுவதற்கான இடைவெளி குறைவாக இருக்கும் பயணத்திட்டத்தைப் பார்த்தவுடனேயே முகவரிடம் கேள்வி கேட்பது நல்லது.

பெட்டியில் சாப்பாட்டுச் சாமான் எடுத்துச் செல்வது குறித்து இருவகை நம்பிக்கைகள் உண்டு. எல்லாமே தடை என்பது ஒன்று, நன்றாகப் பொட்டலம் கட்டினால் எதுவும் செல்லும் என்பது மற்றொன்று. ஐரோப்பிய ஒன்றியத்தில் வெளிநாட்டுப் பயணியர் இறைச்சியையும் பால்பொருள்களையும் கொண்டுவரக் கூடாது. எனவே கோழி செருண்டிங்கும் நெய்யும் வீட்டிலேயே இருக்கட்டும். மீன் பொருள்கள் 20 கிலோ வரை அனுமதிக்கப்படுவதால் நெத்திலி சம்பலுக்குத் தடையில்லை. பச்சைக் கறிவேப்பிலைக்குத் தாவர நலச் சான்றிதழ் வேண்டும். அன்னாசி, தேங்காய், டுரியான், வாழைப்பழம், பேரீச்சை ஆகிய ஐந்து பழங்களுக்கு மட்டும் அச்சான்றிதழ் தேவையில்லை.

காலையில் இறங்கியதும் விடுதி அறை கிடைக்கும், பேருந்து நம் வசதிக்குக் காத்திருக்கும் என்பதே வந்து சேரும் நாளை மிகவும் கசப்பாக்கும் நம்பிக்கையாகும். அறைகள் பெரும்பாலும் பிற்பகல் 2 அல்லது 3 மணிக்குத்தான் தயாராகும். ஓட்டுநரோ நான்கரை மணி நேரம் ஓட்டியபின் 45 நிமிடம் நிறுத்தியாக வேண்டும் என்றும், ஒரு நாளில் பொதுவாக ஒன்பது மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது என்றும் சட்டம் விதிக்கிறது. வண்டியிலுள்ள கருவி இந்நேரத்தைப் பதிவு செய்வதால், அன்பளிப்புக் கொடுத்து அவரிடம் கூடுதல் நேரம் வாங்க முடியாது. பயணியரின் உயிரையே காக்கும் இவ்விதியைக் குறைபட்டுக்கொள்வதில் நியாயம் இல்லை.

வந்த அன்று பகலில் நன்றாகத் தூங்கி எழுந்தால் களைப்புத் தீரும் என்பதும் சரியன்று. மலேசிய நேரத்தைவிட பாரிஸ், ரோம் நேரம் கோடையில் ஆறு மணி நேரமும் குளிர்காலத்தில் ஏழு மணி நேரமும் பின்தங்கியிருப்பதால் அந்த நாள் நீண்டுபோகிறது. மாலை வெளிச்சத்தில் சற்று நடந்து, உள்ளூர் இரவில் உறங்குவதே உடலின் உள்நேரம் விரைவில் ஒத்துப்போக உதவும். மலேசிய இந்தியரிடையே நீரிழிவு மிகுதியாக இருப்பதால், இந்த நீண்ட நாளில் ஊசியையும் மாத்திரையையும் எந்த நேரக் கணக்கில் எடுப்பது என்பதை மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். விமானச் சரக்கறையின் குளிரில் இன்சுலின் உறைந்து பயனற்றுப்போகக் கூடும் என்பதால், அதை மருத்துவர் கடிதத்தோடு கைப்பையிலேயே வைத்திருக்க வேண்டும்.