மேசைக் கணினியா, மடிக்கணினியா?

எமது பிள்ளைகளுள் ஒருவர் க.பொ.த. சாதாரண தரத்துக்குத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பத்தை ஒரு பாடமாகத் தெரிவு செய்ததும் வீட்டில் ஒரு கேள்வி எழுகின்றது. கணினி ஒன்று வாங்க வேண்டும், எதை வாங்குவது? கடைக்காரர் ஒன்றைச் சொல்வார், பக்கத்து வீட்டார் இன்னொன்றைச் சொல்வர், மகளோ தோழியிடம் பார்த்த மடிக்கணினியையே கேட்பாள். பெரும்பாலான வீடுகளில் இது அடிக்கடி செய்யக்கூடிய செலவு அன்று. வாப்பா பல மாதங்கள் சேமித்த பணம் அது. வாங்கும் கணினி ஐந்து, ஆறு வருடங்களாவது உழைக்க வேண்டும். எனவே மாணவிகளும் பெற்றோரும் ஒன்றாக அமர்ந்து, சில விடயங்களைத் தெரிந்துகொண்டு முடிவெடுப்பது நல்லது.

பாடத்துக்கு எவ்வளவு போதும்?

முதலில் தேவையை அளந்து பார்ப்போம். சாதாரண தரத்தில் சொல் முறைவழிப்படுத்தல், விரிதாள், முன்வைப்பு, தரவுத்தளம், சிறிய செய்நிரல்கள், எளிய இணையப் பக்கங்கள் ஆகியவற்றைப் பழகுகின்றோம். உயர்தரத்தில் பைதன் மொழியும் தரவுத்தளமும் இன்னும் ஆழமாக வருகின்றன. இவற்றில் எதற்கும் விலையுயர்ந்த கணினி தேவையில்லை. 8 ஜீ.பி. ரேம், 256 ஜீ.பி. எஸ்.எஸ்.டி. உள்ள சாதாரண கணினி தாராளமாகப் போதும். பழைய சுழலும் வன்தட்டு உள்ள கணினி 1,000 ஜீ.பி. கொள்ளளவு கொண்டிருந்தாலும் திறப்பதற்கே நீண்ட நேரம் எடுக்கும். ஆகவே கொள்ளளவு குறைந்தாலும் எஸ்.எஸ்.டி. உள்ளதையே தெரிவு செய்யுங்கள்.

ஒரே பெயர், வேறு வலு

மேசைக் கணினியிலும் மடிக்கணினியிலும் “கோர் ஐ5” என்று ஒட்டியிருக்கக் காண்கின்றோம். பெயர் ஒன்றாக இருப்பதால் வேகமும் ஒன்று என்று எண்ணிவிடக் கூடாது. மேசைக் கணினியின் புரோசசர் பெரும்பாலும் 65 வாற்று அளவில் இயங்கும்படி அமைக்கப்பட்டது. அதன் பெட்டிக்குள் பெரிய மின்விசிறிக்கும் காற்றோட்டத்துக்கும் இடம் உண்டு. மெல்லிய மடிக்கணினிகளில் உள்ளதோ பெரும்பாலும் 15 வாற்று அளவில் இயங்குவது. பெட்டரி நீடிக்க வேண்டும், சூடு ஏறக்கூடாது என்பதற்காகவே அப்படிச் செய்கின்றனர். இதனால் ஒரே தலைமுறையைச் சேர்ந்த, ஒரே விலையுள்ள இரண்டை ஒப்பிட்டால் மேசைக் கணினியே பொதுவாக அதிக வலுவைத் தரும். மடிக்கணினியில் நாம் செலுத்தும் பணத்தின் ஒரு பகுதி, அதைத் தூக்கிச் செல்லும் வசதிக்கான விலை. அந்த வசதி நமக்குத் தேவையா என்பதே கேட்கவேண்டிய கேள்வி.

மின்சாரக் கணக்கு

ஒரு மேசைக் கணினியும் திரையும் சேர்ந்து சாதாரண வேலைக்கு 120 வாற்று எடுக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு 3 மணித்தியாலம் பாவித்தால் 360 வாற்று மணி, அதாவது 0.36 அலகு. 30 நாட்களுக்கு 10.8 அலகுகள். 40 வாற்று எடுக்கும் மடிக்கணினிக்கு அதே நேரத்தில் 3.6 அலகுகள் மட்டுமே செலவாகும். வேறுபாடு மாதத்துக்கு ஏறத்தாழ 7 அலகுகள். நம் நாட்டு மின்கட்டணம் பாவனை கூடக் கூடப் படிப்படியாக உயர்வதால், ஒரு படியின் விளிம்பில் நிற்கும் வீடுகளுக்கு இந்த 7 அலகுகளும் முக்கியமாகலாம்.

மின்துண்டிப்பையும் மறக்க முடியாது. 2022 ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரமின்றி இருந்ததை நாம் அறிவோம். அவ்வாறான நேரத்தில் மடிக்கணினி தன் பெட்டரியில் சில மணித்தியாலங்கள் தாக்குப்பிடிக்கும். மேசைக் கணினியோ உடனே அணைந்துவிடும். சேமிக்காத வேலை போய்விடும். எனவே மேசைக் கணினி வாங்குவோர் யூ.பி.எஸ். ஒன்றுக்கும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். சிறிய யூ.பி.எஸ். சில நிமிடங்களே தரும். வேலையைச் சேமித்துவிட்டு முறைப்படி அணைக்க அது போதும். இடிமின்னல் காலத்தில் இரண்டு வகைக் கணினிகளையும் மின் இணைப்பிலிருந்து கழற்றிவிடுவது அவசியம்.

பழுதும் ஆயுளும்

மேசைக் கணினி தனித்தனிப் பாகங்களால் ஆனது. விசைப்பலகை கெட்டால் விசைப்பலகையை மட்டும் மாற்றலாம். திரை போனால் வேறு திரை வாங்கலாம். இரண்டு வருடம் கழித்து ரேம் போதவில்லையானால் இன்னொன்றைச் செருகலாம். மடிக்கணினியில் இவை எல்லாம் ஒரே உடலுக்குள் இருக்கின்றன. விசைப்பலகை மீது தேநீர் சிந்தினால் அது மதர்போர்ட் வரை இறங்கிவிடும். மெல்லிய வகைகள் சிலவற்றில் ரேம் மதர்போர்டுடனேயே பற்றாசு வைக்கப்பட்டிருக்கும். பின்னர் கூட்ட முடியாது. வாங்கும் முன்பே இதைக் கடையில் கேட்டுக்கொள்ளுங்கள். பெட்டரியும் சில நூறு தடவைகள் ஏறி இறங்கிய பின் வலுக் குறையும். சில வருடங்களில் புதிய பெட்டரிக்கும் ஒரு செலவு வரும் என்பதை இப்போதே நினைவில் வைக்க வேண்டும்.

பாவித்த கணினி வாங்குவோருக்கு

அலுவலகங்களில் பாவித்துக் கழித்த மேசைக் கணினிகள் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. வசதி குறைந்த குடும்பங்களுக்கு இது நல்ல வழி. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். விண்டோஸ் 10 இற்கான மைக்ரோசொப்டின் வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 இற்கு இன்டெல் புரோசசர் பொதுவாக எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ ஆக இருக்க வேண்டும். எண்ணைப் பார்த்தே இதை அறியலாம்: ஐ5-6500 ஆறாம் தலைமுறை, ஐ5-8500 எட்டாம் தலைமுறை. பழையதைத்தான் வாங்க முடியும் என்றால் உபுண்டு போன்ற இலவச லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவலாம். பைதன் பழகுவதற்கும் இணையப் பக்கம் அமைப்பதற்கும் அது போதுமானது.

கண்ணும் கழுத்தும்

மடிக்கணினியில் திரையும் விசைப்பலகையும் இணைந்தே இருப்பதால், கைக்கு வசதியாக வைத்தால் கழுத்து குனியும். கழுத்துக்கு வசதியாக உயர்த்தினால் கை தூக்க வேண்டியிருக்கும். நாள்தோறும் நீண்ட நேரம் படிக்கும் மாணவி இதைச் சிறிய விடயமாக எண்ணக்கூடாது. மடிக்கணினியைச் சில புத்தகங்களின் மேல் வைத்து, விசைப்பலகையையும் மவுஸையும் தனியாக இணைத்துக்கொள்வது எளிய தீர்வு. எந்தக் கணினியானாலும் 20 நிமிடத்துக்கு ஒருமுறை கண்ணைத் திருப்பி, 20 அடி தொலைவில் உள்ள ஒன்றை 20 வினாடிகள் பாருங்கள்.

யார் கையில் இருக்கும்?

இனிப் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. கணினியின் வலுவைப் பற்றி எல்லோரும் விசாரிக்கின்றார்கள். அது வீட்டில் எங்கே இருக்கும், யார் கையில் இருக்கும் என்பதை விசாரிப்போர் குறைவு. மடிக்கணினி இலகுவில் ஒருவருடையதாகிவிடும். நானா அதை எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போனால், அன்று மாலை தங்கையின் செய்முறைப் பயிற்சி நின்றுவிடும். “உனக்குக் கைபேசி இருக்கின்றதுதானே” என்று சொல்லிவிடுகின்றோம். கைபேசியில் பாடக் காணொளி பார்க்கலாம். ஆனால் விரிதாளில் சூத்திரம் அமைப்பதும் செய்நிரலில் பிழை தேடுவதும் அந்தச் சிறிய திரையில் பழகக்கூடியவை அல்ல. செய்து பழகாத பாடம் பரீட்சையில் கை கொடுக்காது.

மேசைக் கணினி வீட்டின் கூடத்தில் நிற்கும். அது எல்லோருக்கும் உரியது. உம்மாவின் கண்பார்வையில் இருப்பதால் பிள்ளைகளின் இணையப் பாவனையும் கண்காணிப்பில் இருக்கும். ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிப் பயனர் கணக்கு ஒன்றைத் திறந்துவிடுங்கள். ஒருவரின் வேலையை மற்றவர் அழித்துவிட்டார் என்ற சண்டை வராது. சுவரில் ஒரு நேரசூசி ஒட்டி, மகளுக்கும் மகனுக்கும் சமமாக நேரம் எழுதுங்கள். மடிக்கணினியே வாங்கினாலும் இந்த ஒழுங்கை அதற்கும் வைக்கலாம். அதற்கென ஓரிடத்தை வீட்டில் ஒதுக்கிவிட்டால் போதும்.

முடிவாக

பல பிள்ளைகள் பகிர்ந்து பாவிக்கும் வீட்டில், சாதாரண தரமும் உயர்தரமும் படிக்கும் காலத்துக்கு, மேசைக் கணினியே கொடுத்த பணத்துக்கு அதிகம் உழைக்கும். அடிக்கடி மின்சாரம் தடைப்படும் இடத்தில் இருப்போரும், மேசை வைக்க இடமில்லாத சிறிய வீட்டில் வசிப்போரும், அடிக்கடி வீடு மாறுவோரும் மடிக்கணினியை நாடுவதில் நியாயம் உண்டு. பல்கலைக்கழகம் தெரிவாகிப் பேராதனைக்கோ ஒலுவிலுக்கோ யாழ்ப்பாணத்துக்கோ சென்று விடுதியில் தங்கும் நாள் வரும்போது மடிக்கணினி உண்மையான தேவையாகிவிடும். அப்போதும் அவசரப்பட வேண்டாம். பீடத்துக்குச் சென்று, அங்கு எந்த மென்பொருள்களைப் பாவிக்கின்றனர் என்று அறிந்த பின்னரே வாங்குங்கள்.

மாணவிகளே, கடைக்குப் போகும் முன் ஒரு தாளில் நான்கு விடயங்களை எழுதுங்கள்: என்ன வேலைக்கு, எங்கே வைத்து, எத்தனை பேர், எத்தனை வருடம். அந்தத் தாளை வாப்பாவிடமும் உம்மாவிடமும் காட்டிப் பேசுங்கள். நான்குக்கும் விடை எழுதிவிட்டால், எதை வாங்குவது என்ற கேள்விக்குப் பாதி விடை உங்கள் கையிலேயே இருக்கும்.