இரண்டரை வயது மகளுக்கு எந்தத் தமிழில் படிப்பது?

கேள்வி: டாக்டர், நான் ஓசூரில் வாகன உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கிறேன். வாராவாரம் ஷிப்ட் மாறும். மகளுக்கு இரண்டரை வயது. மனைவி அவளோடு தெலுங்கில் பேசுவார், நான் தமிழில் பேசுவேன். கம்பெனி பஸ்ஸில் சின்னக் குழந்தை உள்ள அப்பாக்கள் நாலைந்து பேர் ஒன்றாக உட்காருவோம். போக வர பிள்ளை வளர்ப்புப் பேச்சுதான். இரண்டு மொழி கேட்டால் குழந்தை குழம்பும், பேச்சு தள்ளிப்போகும், வீட்டில் இங்கிலீஷ் மட்டும் பேசுங்கள் என்கிறார் ஒருவர். ஃப்ளாஷ் கார்டு வாங்கச் சொல்கிறார் இன்னொருவர். அவர் மகன் நாற்பது மிருகங்களின் பெயர் சொல்கிறானாம். மற்றொருவர் வீட்டில் போனில் ரைம்ஸ் ஓடினால்தான் பையனுக்குச் சாப்பாடு இறங்குகிறது. தினமும் கதை படித்துக் காட்டு என்று ஒரு மூத்தவர் சொன்னார். அதைக் கேட்டு இரண்டு புத்தகம் வாங்கினேன். நான் ஐ.டி.ஐ. படித்தவன். புத்தகத்தில் இருப்பதைப் படித்தால் செய்தி வாசிப்பதுபோல எனக்கே கேட்கிறது. மகள் எழுந்து ஓடுகிறாள், இல்லாவிட்டால் பக்கத்தைக் கிழிக்கிறாள். உட்கார்ந்தால் யானைப் புத்தகம் ஒன்றேதான் வேண்டும் என்கிறாள். நைட் ஷிப்ட் வாரத்தில் படிக்கவே முடிவதில்லை. கிளம்பும்போது அழுகிறாள் என்று அவளுக்குத் தெரியாமல் நழுவிப் போகிறேன். யார் சொல்வதைக் கேட்பது?

– வாசகர், ஓசூர்

பதில்: மொழிப் பயத்தை முதலில் தீர்த்துவிடுவோம். இரண்டு மொழி கேட்டு வளர்வதால் பேச்சு தாமதமாவதில்லை. தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் புழங்கும் ஊர் உங்களுடையது. அங்கே பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாக அப்படித்தான் பேசப் பழகியிருக்கிறார்கள். உங்கள் மகள் ஒரே வாக்கியத்தில் இரண்டையும் கலந்தால் கவலைப்படாதீர்கள், திருத்தவும் வேண்டாம். எந்த மொழியை யாரிடம் பேசுவது என்று போகப்போக அவளே பிரித்துக்கொள்வாள். அவளுக்கு எத்தனை வார்த்தை தெரியும் என்று பார்க்கும்போது ‘தண்ணி’யையும் ‘நீள்ளு’வையும் சேர்த்து எண்ணுங்கள். ஒரு மொழியை மட்டும் எண்ணிவிட்டு, குழந்தை பின்தங்கிவிட்டாள் என்று பயந்து என்னிடம் வருபவர்கள் நிறைய. இங்கிலீஷ் வரட்டும், நல்லது. ஆனால் நீங்கள் கோபத்திலும் கொஞ்சலிலும் பேசும் மொழியைப் பிள்ளையிடமிருந்து எடுத்துவிட்டு அந்த இடத்தில் அதை வைக்காதீர்கள். நமக்கே தடுமாறும் மொழியில் குழந்தையோடு பேசினால் நம் பேச்சு நாலைந்து கட்டளையாகச் சுருங்கிவிடும்: ‘சிட்’, ‘கம்’, ‘ஈட்’, ‘நோ’. அவளுக்கு வேண்டியது வளவளவென்ற பேச்சு.

அடுத்து, செய்தி வாசிப்பதுபோல இருக்கிறது என்றீர்களே, அதற்கு உங்கள் படிப்பு காரணமில்லை. எம்.ஏ. தமிழ் படித்த அம்மாவும் இதே இடத்தில் முட்டிக்கொள்வார். அச்சில் ‘யானை குளத்திற்குச் சென்றது’ என்று இருக்கும். நம் வீடுகளில் யாரும் ‘சென்றது’ என்று பேசுவதில்லை. ‘யானை கொளத்துக்குப் போச்சு’ என்றுதான் அவள் காது பழகியிருக்கிறது. எழுதும் தமிழும் பேசும் தமிழும் இவ்வளவு விலகி நிற்கும்போது, படக்கதையின் முதல் வரியிலேயே குழந்தை பாதியை நழுவவிடுகிறாள். எழுந்து ஓடாமல் என்ன செய்வாள்?

என் யோசனை இது. புதுப் புத்தகத்தை முதல் சில தடவை படிக்கவே வேண்டாம். படத்தைக் காட்டி, உங்கள் ஊர்ப் பேச்சில், உங்கள் அம்மா உங்களுக்குக் கதை சொன்ன மாதிரி சொல்லுங்கள். யானை போச்சு, தண்ணியைக் குடிச்சுச்சு, பூனை மேல பீச்சியடிச்சுச்சு. அடுத்து என்ன நடக்கும் என்று அவளுக்கு மனப்பாடமான பிறகு, ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு வரியை மட்டும் அச்சில் உள்ளபடி விரலை ஓட்டிப் படியுங்கள். கதை தெரியும், படம் எதிரே இருக்கிறது. ‘சென்றது’ என்றால் ‘போச்சு’ என்பதை நீங்கள் விளக்காமலே பிடித்துக்கொள்வாள். நாலு வயது வாக்கில் முழுப் பக்கத்தையும் எழுதியிருக்கிறபடியே படிக்கலாம், நடுநடுவே பேச்சைக் கலந்துகொண்டு.

இதை நான் வற்புறுத்தக் காரணம் உண்டு. ஒன்றாம் வகுப்புப் பாடப்புத்தகம் அந்த எழுத்துத் தமிழில்தான் வரும். அது ஏற்கெனவே காதில் விழுந்திருக்கும் பிள்ளை எழுத்தை மட்டும் கற்றுக்கொண்டால் போதும். விழாத பிள்ளைக்கு எழுத்தும் புதிது, வாக்கியமும் புதிது. எழுத்துக்கூட்டிச் சரியாகப் படித்துவிட்டு, என்ன படித்தாய் என்று கேட்டால் விழிக்கும் குழந்தைகளை நான் பார்க்கிறேன். அவர்களில் பலருக்கு அறிவில் எந்தக் குறையும் இல்லை. அந்தத் தமிழை யாரும் மடியில் வைத்துச் சொல்லிக்கொடுத்ததில்லை, அவ்வளவுதான்.

படிக்கும்போது நிறுத்தி நிறுத்திப் பேசுங்கள். 1988இல் அமெரிக்காவில் குரோவர் வைட்ஹர்ஸ்ட் என்ற உளவியலாளரும் அவரது குழுவினரும் ஒரு சோதனை செய்தார்கள். குழந்தைகளுக்கு உங்கள் மகளின் வயதுதான், 21 முதல் 35 மாதம் வரை. எல்லா வீடுகளிலும் பெற்றோர் புத்தகம் படித்தார்கள். ஒரு பாதிப் பேருக்கு மட்டும் படிக்கும் விதத்தைச் சொல்லிக்கொடுத்தார்கள்: ஆமாம், இல்லை என்று முடிந்துவிடாத கேள்வி கேட்பது, குழந்தை சொன்னதோடு கொஞ்சம் சேர்த்துத் திருப்பிச் சொல்வது, குழந்தையைச் சொல்லவிட்டுக் கேட்பது. ஒரே மாதத்தில் அந்தப் பிள்ளைகளின் பேச்சு மற்றவர்களைத் தெளிவாகத் தாண்டியிருந்தது. உங்களுக்கு இது கஷ்டமே இல்லை. அவள் “ஆனை” என்றால், “ஆமாடா, பெரிய ஆனை, குளிக்குது. எதுக்குக் குளிக்குது?” என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். காத்திருப்பதுதான் நமக்கு வராது. பதிலையும் நாமே சொல்லிவிடுவோம். மனதுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். என்ன பதில் வந்தாலும் அதைப் பிடித்துக்கொண்டு மேலே போங்கள். அன்றைக்குப் புத்தகம் மூன்றாம் பக்கத்தோடு நின்றுபோனாலும் நஷ்டமில்லை.

யானைப் புத்தகமே மறுபடி மறுபடி வேண்டும் என்கிறாளா? சந்தோஷமாகப் படியுங்கள். இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜெசிக்கா ஹார்ஸ்ட் என்பவரும் அவரது குழுவினரும் மூன்று வயதுக் குழந்தைகளிடம் சோதித்து 2011இல் எழுதியிருக்கிறார்கள்: புதுச் சொல் ஒன்றை வெவ்வேறு கதைகளில் கேட்ட பிள்ளைகளைவிட, ஒரே கதையைத் திரும்பத் திரும்பக் கேட்ட பிள்ளைகள் நன்றாக நினைவில் வைத்திருந்தார்கள். சலிப்பு நமக்குத்தான். கிழிப்பதும் இந்த வயதில் விரலின் வேலை. கெட்டி அட்டைப் புத்தகம் கிடைத்தால் வாங்குங்கள். கிழிந்த பக்கத்தை அவளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு செல்லோடேப் போட்டு ஒட்டுங்கள். கிழிக்கவென்று தனியாகப் பழைய தினசரிக் காலண்டர் ஒன்றைக் கொடுத்துவிடுங்கள்.

இரவு தூங்கப்போகும் நேரத்தில்தான் கதை படிக்க வேண்டும் என்று எங்கும் விதி இல்லை. நைட் ஷிப்ட் முடிந்து காலையில் வருகிறீர்கள், அவள் அப்போதுதான் எழுந்திருப்பாள். நீங்கள் குளித்துச் சாப்பிட்டுப் படுப்பதற்குமுன் பத்து நிமிடம் கிடைத்தாலும் போதும். இல்லாத இரவுகளுக்கு யானைக் கதையை உங்கள் குரலில் வாட்ஸ்அப்பில் பதிந்து வையுங்கள். மனைவி பக்கம் புரட்டட்டும். கிளம்பும்போது நழுவிப் போவதை மட்டும் இன்றைக்கே நிறுத்திவிடுங்கள். அப்பா எந்த நேரமும் மறைந்துவிடலாம் என்று தெரிந்த குழந்தை, நீங்கள் வீட்டில் இருக்கும்போதும் நிம்மதியாக விளையாடாது. முத்தம் கொடுத்து, “அப்பா கம்பெனிக்குப் போறேன், நீ எந்திரிச்சதும் வந்துடுவேன்” என்று சொல்லிவிட்டுப் போங்கள். அழுவாள். அழட்டும். சொன்னபடி வருகிறீர்கள் என்று தெரியத் தெரிய அழுகை குறையும்.

ஃப்ளாஷ் கார்டில் கெடுதல் இல்லை, பெரிய பயனும் இல்லை. நாற்பது மிருகத்தின் பெயரைச் சொல்லும் குழந்தையைவிட, ஒரு நாயைப் பார்த்து அதைப் பற்றி நாலு வாக்கியம் பேசும் குழந்தையைக் கண்டால் எனக்கு மகிழ்ச்சி அதிகம்.

பஸ் பேச்சை விட்டுவிடாதீர்கள். என் அறைக்கு வரும் அப்பாக்களில் பலர் ஃபைலைப் பிடித்துக்கொண்டு கதவோரமே நிற்பார்கள். கேள்வியெல்லாம் அம்மாதான் கேட்க வேண்டும். நீங்கள் நாலைந்து பேர் பிள்ளைகளைப் பற்றித் தினமும் பேசிக்கொள்வது பெரிய விஷயம். அறிவுரையோடு புத்தகத்தையும் மாற்றிக்கொள்ளுங்கள். ஆளுக்கு இரண்டு வாங்கிச் சுற்றுக்கு விட்டால் ஒவ்வொரு வீட்டுக்கும் எட்டு, பத்துப் புத்தகம் ஆகிவிடும். சென்னையில் உள்ள தூலிகா பதிப்பகம் ஒரே படக்கதையைத் தமிழ், தெலுங்கு, கன்னடம் எனத் தனித்தனியே வெளியிடுகிறது. ஒரே கதையை நீங்கள் தமிழிலும் மனைவி தெலுங்கிலும் படிக்கலாம். நேஷனல் புக் டிரஸ்ட் புத்தகங்களின் விலை கைக்கு அடக்கம். பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ், தெலுங்கு இரண்டிலும் கதைகள் இலவசம். பிரின்ட் எடுத்து நூலால் தைத்துவிடலாம்.

போன் பார்த்துச் சாப்பிடும் பையனின் வயதை நீங்கள் எழுதவில்லை. இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம், இரண்டிலிருந்து ஐந்துவரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது என்பது இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் பரிந்துரை. வெளியூரில் இருக்கும் தாத்தா பாட்டியோடு வீடியோ காலில் பேசுவது பரவாயில்லை. அந்த நண்பரிடம் மெதுவாகக் கேட்டுப் பாருங்கள்: பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பையன் திரும்புகிறானா? இரண்டு வயது முடிந்திருந்தால் ‘அப்பா வா’ என்பதுபோல இரண்டு சொல் சேர்த்துப் பேசுகிறானா? முன்பு சொன்ன வார்த்தை எதையாவது இப்போது சொல்லாமல் விட்டுவிட்டானா? பதிலில் சந்தேகம் இருந்தால், ஆம்பளைப் பிள்ளை லேட்டாகத்தான் பேசும் என்று யார் சொன்னாலும் காத்திருக்க வேண்டாம். முதலில் காது கேட்கும் திறனைச் சோதிக்க வேண்டும். அதற்கான பெரா டெஸ்ட்டைக் குழந்தை தூங்கும்போதே எடுத்துவிடுவார்கள். கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய், குழந்தைகளுக்கான டி.இ.ஐ.சி. (மாவட்ட ஆரம்பகால இடையீட்டு மையம்) எங்கே இருக்கிறது என்று கேட்கச் சொல்லுங்கள். அங்கே கட்டணம் கிடையாது.