திடப்படுத்தலுக்குப் பிறகு: பதின்பருவத்தினரும் சபையும்

கேள்வி: திடப்படுத்தல் பெற்ற பிள்ளைகளில் பலர் ஓரிரு ஆண்டுகளில் ஆலயத்துக்கு வருவதையே குறைத்துக்கொள்கிறார்கள். ஏன்?

பதில்: குழந்தையாக இருந்தபோது பெற்றோரும் ஞானப்பெற்றோரும் தனக்காகக் கொடுத்த வாக்கைப் பிள்ளை வளர்ந்தபின் தன் வாயால் ஏற்றுக்கொள்வதே திடப்படுத்தல். தென்னிந்தியத் திருச்சபையில் இது பெரும்பாலும் பத்தாம் வகுப்பை ஒட்டிய வயதில் நடக்கிறது. அதற்கு முன் சில வாரங்களோ மாதங்களோ ஆயர் வகுப்பு எடுப்பார். விசுவாசப் பிரமாணம், பத்துக் கற்பனைகள், கர்த்தருடைய ஜெபம், ஞானஸ்நானத்துக்கும் திருவிருந்துக்கும் உள்ள பொருள் ஆகியவை பாடம். பேராயர் வந்து ஒவ்வொருவர் தலையிலும் கை வைத்து ஜெபிப்பார். அதன்பின் முதல் திருவிருந்து. வெள்ளை உடுப்பு, பேராயரோடு குழுப்படம், கையில் சான்றிதழ், வீட்டில் பிரியாணி என்று அந்த நாள் முடியும்.

சிக்கல் அடுத்த ஞாயிறு தொடங்குகிறது. ஓய்வுநாள் பாடசாலைக்கு வயது தாண்டிவிட்டது. வாலிபர் ஐக்கியத்துக்குப் போனால் அங்கே இருப்பவர்கள் வேலைக்குப் போகிறவர்கள், வீட்டில் வரன் பார்க்கப்படுகிறவர்கள். பதினைந்து வயதுப் பிள்ளைக்கு அந்தக் கூட்டத்தில் நாற்காலி எடுத்துப் போடுவதைத் தவிர வேலை இல்லை. பெரியவர்களின் ஆராதனையிலோ, பாடகர் குழுவில் சேராதவர்களுக்கு எழுந்து நிற்பதும் உட்காருவதும்தான் பங்கு. இதே ஆண்டுகளில்தான் பொதுத் தேர்வுகளும் நீட் பயிற்சியும் வந்து நிற்கின்றன. ஞாயிறு காலையில் மாதிரித் தேர்வு வைக்கும் டியூஷன் சென்டர்கள் பல ஊர்களில் உண்டு. “இந்த ஒரு வருஷம் மட்டும்” என்று பெற்றோரே விடுப்புக் கொடுத்துவிடுகிறார்கள். மதிப்பெண்ணா ஆராதனையா என்று வந்தால் எது விட்டுக்கொடுக்கும் என்பதைப் பிள்ளை அப்போதே தெரிந்துகொள்கிறது.

ஆக, இந்த விலகலுக்குப் பின்னால் அவிசுவாசத்தைத் தேடுவது வீண். போய்ச் சேர ஓர் இடம் இல்லை, வராவிட்டால் ஏன் வரவில்லை என்று கேட்க ஆளும் இல்லை. சினிமாவையும் கைப்பேசியையும் சாடும் பிரசங்கங்கள் இந்த இடைவெளியைத் தொடுவதே இல்லை.

கேள்வி: சபைகளில் வாலிபருக்கென்று தனி அமைப்பு எப்படி வந்தது?

பதில்: முதலில் வந்தது ஞாயிறு பள்ளி. 1780இல் இங்கிலாந்தின் குளொஸ்டர் நகரில் ராபர்ட் ரெய்க்ஸ், வாரம் முழுக்க வேலை செய்த ஏழைப் பிள்ளைகளை ஞாயிறன்று கூட்டி எழுத்தும் வேதமும் கற்பிக்க ஏற்பாடு செய்தார். 1844இல் லண்டன் துணிக்கடை ஊழியர்களுக்காக ஜார்ஜ் வில்லியம்ஸ் ஒய்.எம்.சி.ஏ.வைத் தொடங்கினார்.

சபைக்குள்ளேயே இயங்கும் வாலிபர் சங்கத்துக்கு முன்மாதிரி 1881 பிப்ரவரி 2 அன்று அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரில் பிறந்தது. ஃபிரான்சிஸ் கிளார்க் என்ற போதகர் தம் சபை வாலிபர்களைத் தம் வீட்டுக்கு அழைத்து ஓர் உறுதிமொழியை முன்வைத்தார். தினமும் ஜெபம், தினமும் வேதவாசிப்பு. இவற்றோடு, ஒவ்வொரு கூட்டத்திலும் பாடுவதற்கு மேலாக ஏதாவது ஒரு பங்கெடுக்க வேண்டும். ஒரு வாக்கியம் ஜெபித்தாலும் சரி, ஒரு வசனத்தைப் பற்றிச் சொன்னாலும் சரி, வாயைத் திறக்காமல் எவரும் வீடு திரும்பக் கூடாது. மாதம் ஒரு முறை பெயர் கூப்பிட்டு அந்த வாக்கை நினைவூட்டினார்கள். புதியவர்களைக் கவனிக்கவும் ஜெபக் கூட்டத்தை நடத்தவும் வாலிபர்களே குழுக்களாகப் பிரிந்தார்கள். ‘கிறிஸ்டியன் எண்டெவர்’ என்ற அந்தச் சங்கம் மிஷனெரிகள் வழியாக இந்தியாவுக்கும் வந்தது. கத்தோலிக்கர் நடுவில் இதைப் போலவே பேர்போனது பெல்ஜிய குரு ஜோசப் கார்டைன் 1920களில் உருவாக்கிய இளம் தொழிலாளர் இயக்கம். பார், சீர்தூக்கு, செயல்படு என்ற அதன் மூன்று படிகள் கிறிஸ்தவ மாணவர் இயக்கங்களிலும் வேரூன்றின.

இருபதாம் நூற்றாண்டின் நடுவில் அமெரிக்காவில் காற்று மாறியது. யங் லைஃப், யூத் ஃபார் கிரைஸ்ட் போன்ற அமைப்புகள் இசை, விளையாட்டு, பெரும் கூட்டங்கள் வழியாகப் பள்ளி மாணவர்களைத் திரட்டின. பிறகு சபைகளும் இளைஞர் போதகர்களைச் சம்பளத்துக்கு அமர்த்தின. கூட்டம் சேர்ந்தது. ஆனால் வாலிபர் ஒரு மண்டபத்திலும் மற்றவர்கள் இன்னொன்றிலும் என்று சபை இரண்டுபட்டது. ஸ்டூவர்ட் கம்மிங்ஸ்-பாண்ட் என்ற ஊழியர் 1989இல் இந்த நிலையை ஒற்றைக் காது மிக்கி மௌஸ் என்றார்: பெரிய வட்டம் சபை, அதன் ஓரத்தை லேசாக மட்டும் தொட்டுக்கொண்டிருக்கும் சின்ன வட்டம் வாலிபர் கூட்டம். கீபோர்டும் டிரம்ஸும் வாங்கிவிட்டால் வாலிபர் ஊழியம் நடந்துவிடும் என்று நம்பும் தமிழ்ச் சபைகள் இந்தப் படத்தை ஆலய அலுவலகத்தில் மாட்டி வைக்கலாம்.

கேள்வி: கேம்பில் எழுந்து நின்று ஒப்புக்கொடுத்த பிள்ளை வீடு திரும்பிய இரண்டே வாரத்தில் பழைய மாதிரியே ஆகிவிடுகிறது. ஆவிக்குரிய வளர்ச்சியை எதைக் கொண்டு கணிப்பது?

பதில்: கடைசி இரவு, மெல்லிய இசை, சுற்றிலும் நண்பர்கள், கண்ணீர். அந்த நேரத்து ஒப்புக்கொடுத்தலைப் பொய் என்று தள்ள வேண்டியதில்லை. பலருடைய விசுவாசப் பயணம் அப்படித்தான் தொடங்கியிருக்கிறது. ஆனால் அது தொடக்கம். ஆண்டுதோறும் அதே பிள்ளைகளை எழுந்து நிற்கச் சொல்லிக் கை எண்ணிக்கையை அறிக்கையில் எழுதும் வழக்கம் பிள்ளைகளுக்கும் நல்லதல்ல, அறிக்கைக்கும் நல்லதல்ல.

பன்னிரண்டு வயது இயேசுவின் சம்பவத்தை முடிக்கும் லூக்கா, அவர் ஞானத்திலும் வளர்த்தியிலும், தேவனிடத்திலும் மனிதரிடத்திலும் பெற்ற தயவிலும் வளர்ந்ததாக எழுதுகிறார். வளர்ச்சியைப் பார்க்க வேண்டிய திசைகளும் இவையே. தன் சொந்தச் சொற்களில், குறிப்பிட்ட ஒரு காரியத்துக்காக ஜெபிக்க வருகிறதா? யாரும் சொல்லாமலே வேதத்தைத் திறக்கிறதா? தம்பியிடம் மன்னிப்புக் கேட்கிறதா? கூட்டத்தின் ஓரத்தில் தனியாக நிற்கும் புதுப் பிள்ளையிடம் போய்ப் பேசுகிறதா? இவை மெதுவாக வரும், எண்ணிக்கையில் அடங்காது.

மனப்பாடத்தை வளர்ச்சி என்று எடுத்துக்கொள்வது நம் சபைகளின் பழைய பழக்கம். வேதாகம வினாடி வினாவில் கோப்பை வாங்கிய பிள்ளையிடம் “நீ ஏன் கிறிஸ்தவன்?” என்று கேட்டால் பதில் வராமல் போகலாம். அமெரிக்காவில் 2002-03இல் 13 முதல் 17 வயது வரையுள்ள மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் நடந்த தேசிய ஆய்வு இதையே கண்டது. கிறிஸ்டியன் ஸ்மித்தும் மெலிண்டா டென்டனும் 2005இல் நூலாக்கிய அந்த ஆய்வின்படி, பெரும்பாலோர் பெற்றோரின் மதத்தை எதிர்க்கவே இல்லை. ஆனால் தாங்கள் என்ன நம்புகிறோம் என்று சொல்லத் திணறினார்கள். நல்ல பிள்ளையாக இரு, கஷ்டம் வந்தால் கடவுளைக் கூப்பிடு என்ற அளவுக்கு விசுவாசம் சுருங்கியிருந்தது. ஊர் வேறுதான். ஆனால் இந்த விவரிப்பு இங்கே யாருக்கும் புதிதாக இராது.

பேச வராத பிள்ளைக்குப் பேசிப் பழக இடம் வேண்டும். ஏழெட்டுப் பேர், அவர்களோடு ஒரு பெரியவர், வாரம் ஓர் அதிகாரம் போதும். நற்செய்தி நூல்களில் மிகச் சிறியதான மாற்கு 16 அதிகாரங்கள் கொண்டது. நான்கு மாதத்தில் முடிந்துவிடும். இரண்டாம் அதிகாரத்தில் நான்கு பேர் கூரையைப் பிரித்துத் திமிர்வாதக்காரனைக் கட்டிலோடு இறக்குகிறார்கள். “அந்தக் கூரையை அப்புறம் யார் சரி பண்ணியது?” என்று ஒரு பிள்ளை கேட்கும். அதை அடக்காமல், நண்பனுக்காக அடுத்தவர் வீட்டுக் கூரையைப் பிரிக்கும் அளவுக்குப் போவது சரியா என்று திருப்பிக் கேட்கத் தெரிந்தவர்தான் நல்ல தலைவர். முக்கால் மணி நேரத்தில் பெரியவர் பத்து நிமிடத்துக்கு மேல் பேசினால் அது மறுபடியும் பிரசங்கமாகிவிடும்.

மே மாத விடுமுறை வேதாகமப் பள்ளி இன்னொரு நல்ல களம். பல சபைகளில் சின்ன வகுப்புகளை நடத்துவது பதினைந்து, பதினாறு வயதுக்காரர்கள்தான். ஐந்து வயதுக் குழந்தைக்கு ஒரு கதையைச் சொல்ல வேண்டுமானால் அந்தக் கதை தனக்குப் புரிந்திருக்க வேண்டும். பத்து நாளில் அவர்கள் கற்றுக்கொள்வது, கேட்டுக்கொண்டே இருந்த பல மாதங்களில் கற்றதைவிட அதிகம்.

கேள்வி: பிள்ளைகள் கேட்கும் சில கேள்விகளுக்கு ஊழியர்களாலேயே பதில் சொல்ல முடிவதில்லை. கேள்வி கேட்பதை ஊக்குவித்தால் விசுவாசம் குலையாதா?

பதில்: அதே லூக்காவின் சம்பவத்தில் இயேசு போதகர்கள் நடுவே உட்கார்ந்து கேட்டுக்கொண்டும் வினவிக்கொண்டும் இருக்கிறார். விசுவாசத்தின் படிநிலைகளை ஆராய்ந்த ஜேம்ஸ் ஃபௌலர் 1981இல் வெளியிட்ட நூலில், பதின்பருவ விசுவாசம் பெரும்பாலும் சுற்றியிருப்பவர்களிடமிருந்து பெற்றதாக இருக்கும் என்றும், அதைச் சோதித்துப் பார்த்தபின்பே அது ஒருவருடைய சொந்தமாகும் என்றும் விளக்கினார். கேள்வியைத் தடுக்கும் சபை இந்தக் கட்டத்தைத் தடுக்கிறது.

உயிரியல் பாடத்தில் படித்த பரிணாமம், நல்லவனான இந்து நண்பனின் முடிவு, ஜெபித்தும் பிழைக்காத பாட்டி என்று கேள்விகள் வரும். எல்லாவற்றுக்கும் கையில் விடை இருக்க வேண்டும் என்பதில்லை. “தெரியவில்லை, படித்துவிட்டு அடுத்த வாரம் பேசலாம்” என்று சொன்ன ஆசிரியரைப் பிள்ளைகள் மதிக்கவே செய்வார்கள், அடுத்த வாரம் உண்மையிலேயே பேசினால்.

ஆனால் தமிழ்ச் சபைகளில் மிகக் கூர்மையான கேள்வி சாதியைப் பற்றியது. எல்லோரும் ஒரே அப்பத்தில் பங்குபெறுகிறோம் என்று திடப்படுத்தல் வகுப்பில் கற்ற பிள்ளைக்கு, தன் வீட்டுக் கல்யாணப் பேச்சிலும் சபைத் தேர்தல் அணிகளிலும் சில ஊர்களின் கல்லறைத் தோட்டங்களிலும் நடப்பது தெரியாமல் இல்லை. இது புதிய சண்டையும் அல்ல. 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி வேறுபாடு அறவே கூடாது என்று கடிதம் எழுதியபோது தஞ்சாவூரிலும் சென்னையிலும் கடும் எதிர்ப்பு எழுந்தது. பலர் சபையை விட்டே விலகினார்கள். இந்த வரலாற்றை வாலிபரிடம் மறைக்காமல் சொல்லலாம். பரிணாமத்துக்குச் சரியான விடை கிடைக்காததால் ஆலயத்தை விட்டுப் போன பிள்ளைகளைவிட, பெரியவர்களின் சொல்லும் செயலும் ஒட்டாததைப் பார்த்துக் கசந்து போனவர்களே அதிகம் என்பதை நீண்ட காலம் ஊழியம் செய்த எந்த ஆயரும் ஒப்புக்கொள்வார்.

கேள்வி: பெற்றோர் என்ன செய்யலாம்?

பதில்: மேலே சொன்ன அமெரிக்க ஆய்வின் இன்னொரு முடிவு, பதின்பருவத்தினரின் விசுவாசத்தில் பெற்றோரின் செல்வாக்கே மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிது என்பது. பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதும்போது அவனுடைய விசுவாசத்துக்கு வேராகப் பாட்டி லோவிசாளையும் தாய் ஐனிக்கேயாளையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறார்.

இரவில் பாட்டு, வேதவாசிப்பு, ஜெபம் என்ற குடும்ப ஜெபம் தமிழ்க் கிறிஸ்தவ வீடுகளின் பெரிய சொத்து. அதைக் கெடுப்பது ஜெபத்தின் வழியாகத் திட்டும் பழக்கம். “ஆண்டவரே, இவன் போனைக் கீழே வைத்துவிட்டுப் படிக்க நல்ல புத்தி கொடும்” என்ற ஜெபம் ஆண்டவருக்குப் போகிறதோ இல்லையோ, கண்ணை மூடிக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு நேராகப் போய்ச் சேர்ந்துவிடும். அதற்குப் பதில் அப்பா தன் வேலையில் உள்ள கவலையைச் சொல்லி, தனக்காக ஜெபிக்கும்படி மகனிடமே கேட்கலாம். வாசிக்கும் பகுதியைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை வாரத்தில் ஒரு நாள் மகளிடம் விடலாம்.

கேள்வி: வாலிபர் முகாம்களில் பாதுகாப்புக்கு என்ன விதிமுறை?

பதில்: 18 வயதுக்குட்பட்ட எவரும் சட்டப்படி குழந்தை. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி பாலியல் குற்றம் நடந்தது என்று தெரிந்தவர் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். மறைத்தால் அதுவே குற்றம். தமக்குக் கீழ் வேலை செய்பவர் செய்த குற்றத்தை நிறுவனப் பொறுப்பாளர் மறைத்தால் ஓராண்டு வரை சிறை. ஆயரோ கமிட்டியோ உள்ளுக்குள் பேசி முடிக்கச் சட்டத்தில் இடமில்லை. மூடிய அறையில் ஒரு பெரியவரும் ஒரு பிள்ளையும் தனித்திருக்கக் கூடாது, ஆலோசனை கொடுப்பது மற்றவர் கண்ணில் படும் இடத்தில் இருக்க வேண்டும், பெண் பிள்ளைகள் இருந்தால் பெண் பொறுப்பாளர்கள் இருக்க வேண்டும், பெற்றோரின் எழுத்துப்பூர்வ சம்மதம் வேண்டும். குழந்தைகளுக்கான இலவச உதவி எண் 1098 என்பதைப் பிள்ளைகளுக்கே சொல்லிவைக்க வேண்டும்.

கேள்வி: பன்னிரண்டாம் வகுப்பு முடிந்து வெளியூர்க் கல்லூரிக்குப் போகும் பிள்ளைகளைச் சபை எப்படிப் பின்தொடர்வது?

பதில்: புது ஊரில் முதல் சில வாரங்கள் முக்கியமானவை. அதற்குள் ஒரு சபையோ ஐக்கியமோ அமையாவிட்டால் ஞாயிறு காலை விடுதியில் தூங்கும் நாளாகிவிடும். கல்லூரிகளில் 1912 முதல் இயங்கும் இந்திய மாணவர் கிறிஸ்தவ இயக்கமும், 1954இல் உருவான யூ.இ.எஸ்.ஐ.யின் மாணவர் ஐக்கியங்களும் இந்தத் தேவைக்காகவே இருக்கின்றன. வழியனுப்பு ஜெபமும் ஒரு பேனா பரிசும் மட்டும் போதாது. ஜூன் மாதமே அந்த ஊர் ஆயரைத் தொலைபேசியில் அழைத்துப் பிள்ளையின் பெயரையும் விடுதியையும் சொல்வதும், சபையில் ஒரு குடும்பம் மாதம் ஒரு முறை அந்தப் பிள்ளையோடு பேசும் பொறுப்பை ஏற்பதும் செலவில்லாத வேலைகள். இந்த ஆண்டு வெளியூர் போகும் பிள்ளைகளின் பட்டியலை வாசகர்கள் தங்கள் ஆயரிடம் இப்போதே கேட்டு வாங்கலாம்.