ஜெர்மனி 1933–1990: சட்டப் பிரிவுகளின் வழியே சில முக்கியக் குறிப்புகள்

ஜெர்மனி பாடத்துக்கு எல்லோரும் ஆண்டுகளைத்தான் மனப்பாடம் செய்கிறோம். அவற்றோடு ஐந்து எண்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: 48, 1, 16, 79(3), 23. ஐந்தும் அரசமைப்புச் சட்டப் பிரிவுகள். முதலாவது 1919-இன் வெய்மர் அரசமைப்பில் இருந்தது. மற்ற நான்கும் 1949-இல் மேற்கு ஜெர்மனி எழுதிக்கொண்ட அடிப்படைச் சட்டத்தில் வருபவை. அந்த நாடு எந்த ஓட்டை வழியே விழுந்தது, அந்த ஓட்டையை எப்படி அடைத்தது, எந்த வாசல் வழியே மீண்டும் ஒன்றானது என்பதை இந்த எண்களைக் கொண்டே சொல்லிவிடலாம். இந்திய அரசமைப்புப் பாடத்துக்கும் இவற்றில் சில உதவும்.

பிரிவு 48: சட்டப்படியே வந்த சர்வாதிகாரம்

● பின்னணி: வெர்சேல்ஸ் உடன்படிக்கை (1919 ஜூன் 28), 1923-இன் கட்டுக்கடங்காத பணவீக்கம், 1929-இல் தொடங்கிய பொருளாதாரப் பெருமந்தம். 1932 தொடக்கத்தில் வேலையற்றோர் சுமார் 60 லட்சம் பேர்.

● நாஜிக் கட்சி பெற்ற வாக்குகள்: 1928-இல் 2.6 சதவீதம், 1930-இல் 18.3, 1932 ஜூலையில் 37.3, அதே ஆண்டு நவம்பரில் 33.1. "ஹிட்லர் பெரும்பான்மை பெற்று ஆட்சிக்கு வந்தார்" என்ற கூற்று வந்தால் அது தவறு. வாக்கு சரிந்துகொண்டிருந்த வேளையில், 1933 ஜனவரி 30 அன்று, குடியரசுத் தலைவர் ஹிண்டன்பர்க் அவரைச் சான்சலராக நியமித்தார். ஹிட்லரைத் தங்கள் கைக்குள் வைத்துக்கொள்ளலாம் என்று பழமைவாதத் தலைவர்கள் கணக்குப் போட்டிருந்தார்கள். அரசின் முழு வலிமையும் கையில் இருந்த 1933 மார்ச் தேர்தலில்கூட நாஜிகளுக்குக் கிடைத்தது 43.9 சதவீதம்தான்.

● 1933 பிப்ரவரி 27 இரவு நாடாளுமன்றக் கட்டடம் தீப்பற்றியது. குடியரசுத் தலைவருக்கு அவசரகால அதிகாரம் தந்த பிரிவு 48-இன் கீழ் மறுநாளே ஆணை வந்தது. பேச்சுரிமை, கூடும் உரிமை, தனிமனித சுதந்திரம் எல்லாம் "தற்காலிகமாக" நிறுத்தப்பட்டன. அந்தத் தற்காலிகம் 1945 வரை நீடித்தது.

● அதிகாரமளிப்புச் சட்டம், 1933 மார்ச் 23. நாடாளுமன்றம் இல்லாமலேயே அமைச்சரவை சட்டம் இயற்றலாம், அது அரசமைப்புக்கு முரணாகவும் இருக்கலாம் என்பதே இதன் சாரம். ஆதரவு 444, எதிர்ப்பு 94. அந்த 94 பேரும் சமூக ஜனநாயகக் கட்சியினர். கம்யூனிஸ்ட் உறுப்பினர்கள் 81 பேர் சிறையிலோ தலைமறைவிலோ இருந்ததால் அவையில் ஒருவரும் இல்லை. சீருடை அணிந்த நாஜிப் படையினர் அவையைச் சூழ்ந்து நிற்க, சமூக ஜனநாயகக் கட்சித் தலைவர் ஓட்டோ வெல்ஸ் எழுந்து எதிர்த்துப் பேசினார். பல பாடக்குறிப்புகளில் இந்தப் பெயர் இருக்காது. நீங்கள் எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

● வெய்மர் அரசமைப்பை ஹிட்லர் முறைப்படி ரத்து செய்யவே இல்லை. அதைப் பெயருக்கு வைத்துக்கொண்டே பன்னிரண்டு ஆண்டுகள் ஆண்டார்.

● விரைந்து பார்க்க வேண்டியவை: டாஹாவ் வதைமுகாம் திறப்பு 1933 மார்ச் 22, பெர்லினில் நூல் எரிப்பு 1933 மே 10, நூரம்பர்க் இனச் சட்டங்கள் 1935 செப்டம்பர் 15, யூதர்களின் கடைகளையும் வழிபாட்டுத் தலங்களையும் சூறையாடிய இரவு 1938 நவம்பர் 9, போலந்து மீதான படையெடுப்பு 1939 செப்டம்பர் 1.

பேரழிப்பு: எண்களைக் கவனமாகக் கையாளுங்கள்

● 1933-இல் ஜெர்மனியில் வாழ்ந்த யூதர்கள் சுமார் 5 லட்சம் பேர், அதாவது மக்கள்தொகையில் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. கொல்லப்பட்ட ஐரோப்பிய யூதர்கள் சுமார் 60 லட்சம் பேர். இந்த இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால், அழிப்பு எவ்வளவு தூரம் பரவியது என்பது விளங்கும். இறந்தவர்களில் பெரும்பாலோர் ஜெர்மனியர் அல்லர். போலந்திலும் சோவியத் மண்ணிலும் வாழ்ந்தவர்களே அதிகம்.

● வதைமுகாமும் கொலைமுகாமும் ஒன்றல்ல. டாஹாவ், புஹன்வால்ட் போன்றவை ஜெர்மனிக்குள் இருந்த வதைமுகாம்கள். ஆஷ்விட்ஸ்-பிர்கனாவ், ட்ரெப்ளிங்கா, சோபிபோர், பெல்செக், ஹெல்ம்னோ, மைதானெக் ஆகிய கொலைமுகாம்கள் ஆக்கிரமிக்கப்பட்ட போலந்தில் இருந்தன. ஆஷ்விட்ஸில் மட்டும் சுமார் 11 லட்சம் பேர் கொல்லப்பட்டனர்.

● வான்சே கூட்டம், 1942 ஜனவரி 20. "யூதர்களைக் கொல்ல முடிவெடுத்த கூட்டம்" என்று எழுதாதீர்கள். 1941-இலேயே லட்சக்கணக்கானோர் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தனர். நடந்துகொண்டிருந்த கொலையை அரசுத் துறைகளுக்கிடையே ஒருங்கிணைக்கவே பதினைந்து அதிகாரிகள் கூடினார்கள். அவர்களில் பலர் சட்டம் படித்தவர்கள்.

● ரோமா, சிந்தி மக்களும் மாற்றுத்திறனாளிகளும் கொல்லப்பட்டதை விட்டுவிடாதீர்கள். உள்ளிருந்து எதிர்த்தவர்களில் "வெள்ளை ரோஜா" குழுவின் சோஃபி ஷோல், ஹான்ஸ் ஷோல் இருவருக்கும் 1943 பிப்ரவரி 22 அன்று மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. துண்டறிக்கை பரப்பியதே அவர்கள் மீதான குற்றம். சோஃபிக்கு வயது 21.

● ஹிட்லர் தற்கொலை 1945 ஏப்ரல் 30, சரண் மே 8. நூரம்பர்க் முதன்மை விசாரணையின் தீர்ப்பு (1946): 12 பேருக்கு மரண தண்டனை, 7 பேருக்குச் சிறை, 3 பேர் விடுதலை.

பிரிவுகள் 1, 79(3), 16: விழுந்தவர்கள் எழுதிய சட்டம்

● 1949 மே 23 அன்று அடிப்படைச் சட்டம் வெளியிடப்பட்டது. "அரசமைப்பு" என்ற பெயரைத் தவிர்த்ததற்குக் காரணம் உண்டு: நாடு பிளவுபட்டுக் கிடந்ததால் இது இடைக்கால ஏற்பாடாகவே கருதப்பட்டது.

● பிரிவு 1: மனித மாண்பு மீற முடியாதது. அரசின் உறுப்புகளையோ ஆட்சி முறையையோ சொல்லித் தொடங்காமல் மனிதரை முன்வைத்துத் தொடங்கும் சட்டம் இது.

● பிரிவு 79(3): மனித மாண்பு, மக்களாட்சி, கூட்டாட்சி ஆகிய அடிப்படைகளை மூன்றில் இரண்டு பங்கு பெரும்பான்மை இருந்தாலும் திருத்த முடியாது. இதை "நிரந்தரப் பிரிவு" என்பார்கள். 444 வாக்குகளால் ஒரு குடியரசு தன்னையே அழித்துக்கொண்டதைக் கண்ணால் பார்த்தவர்கள் எழுதியது இது.

● இந்தியத் தொடர்பு: அவசரநிலையில் அடிப்படை உரிமைகளை நிறுத்தும் முறை வெய்மர் அரசமைப்பிலிருந்து வந்தது என்று நாம் படிக்கிறோம். அந்த மருந்துக்கு மாற்று மருந்தும் ஜெர்மனி வழியாகவே வந்தது என்பதை அதிகம் படிப்பதில்லை. ஹைடல்பர்க் அறிஞர் டீட்டர் கான்ராட் 1965-இல் பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய உரையில், திருத்தும் அதிகாரத்துக்கு உள்ளார்ந்த வரம்பு உண்டு என்று வாதிட்டார். 1967-இன் கோலக்நாத் வழக்கில் வழக்கறிஞர் எம்.கே. நம்பியார் அந்த வாதத்தை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனார். 1973 ஏப்ரல் 24, கேசவானந்த பாரதி வழக்கில் 13 நீதிபதிகள் 7-க்கு 6 என்று பிரிந்து "அடிப்படைக் கட்டமைப்பு" கோட்பாட்டை நிலைநாட்டினர். நீதிபதி எச்.ஆர். கன்னா தம் தீர்ப்பில் கான்ராடை மேற்கோள் காட்டியிருக்கிறார்.

● பிரிவு 16: அரசியல் காரணங்களுக்காகத் துன்புறுத்தப்படுவோருக்குப் புகலிட உரிமை. நாஜிகளிடமிருந்து தப்பிய பலரைப் பிற நாடுகள் வாசலிலேயே திருப்பி அனுப்பிய நினைவு இதன் பின்னே இருக்கிறது. 1983-க்குப் பின் ஈழத் தமிழர்கள் பலர் கிழக்கு பெர்லினின் ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, ஃப்ரீட்ரிஷ்ஸ்ட்ராசே ரயில் நிலையம் வழியே மேற்கு பெர்லினுக்குள் நுழைந்து இந்தப் பிரிவின் கீழ்ப் புகலிடம் கேட்டனர். பெர்லினைப் பிரித்த கோட்டைப் பன்னாட்டு எல்லையாக மேற்கு ஏற்காததால் அந்தப் பக்கம் வழக்கமான கடவுச்சீட்டுச் சோதனை இல்லை. புகலிட உரிமை 1993-இல் கடுமையாகச் சுருக்கப்பட்டு 16அ ஆனது.

பிளவு

● பெர்லின் முற்றுகை: 1948 ஜூன் 24 – 1949 மே 12. கிழக்கு ஜெர்மனி உருவாக்கம்: 1949 அக்டோபர் 7. அங்கே தொழிலாளர் எழுச்சி: 1953 ஜூன் 17.

● சுவர்: 1961 ஆகஸ்ட் 13. சுமார் 155 கிலோமீட்டர். இது ஜெர்மனியை நெடுக்காகப் பிரித்த சுவர் அன்று. கிழக்கு ஜெர்மனிக்கு நடுவே தீவுபோல் கிடந்த மேற்கு பெர்லினைச் சுற்றி எழுப்பிய வேலி. வரைபடத்தில் ஒருமுறை விரல் வைத்துப் பாருங்கள், பிறகு மறக்காது. சுவரில் உயிரிழந்தோர் குறைந்தது 140 பேர்.

நினைவு: உடனே வந்ததல்ல

ஜெர்மனி தன் குற்றத்தை முதல் நாளிலிருந்தே ஒப்புக்கொண்டது என்று எழுதிவிட்டால் பல பத்தாண்டு வாக்குவாதம் மறைந்துவிடும். 1952-இல் இஸ்ரேலுக்கு 300 கோடி மார்க் இழப்பீடு தர மேற்கு ஜெர்மனியின் சான்சலர் அடனாவர் கையெழுத்திட்டார். ஆனால் பழைய நாஜிகள் பலர் நீதிமன்றங்களிலும் அலுவலகங்களிலும் பதவியில் தொடர்ந்தனர். அந்த மௌனத்தை உடைத்தவர்களில் முதன்மையானவர் ஃப்ரிட்ஸ் பவர் என்ற அரசு வழக்கறிஞர். யூதரான அவர் நாஜி ஆட்சியில் நாட்டை விட்டு ஓடி, திரும்பி வந்தவர். ஆஷ்விட்ஸ் முகாம் ஊழியர்கள் மீதான ஃபிராங்ஃபர்ட் வழக்கு (1963–65) அவர் முயற்சியால் நடந்தது.

● கொலைக் குற்றத்துக்கு அன்றைய சட்டப்படி 20 ஆண்டு காலவரம்பு. அப்படியே விட்டிருந்தால் 1965-இல் நாஜிக் கொலையாளிகள் தப்பியிருப்பார்கள். 1965-இலும் 1969-இலும் கெடுவை நீட்டித்து, 1979-இல் காலவரம்பையே நீக்கினார்கள்.

● 1970 டிசம்பர் 7, வார்சா. யூதக் குடியிருப்பு எழுச்சி நினைவுச்சின்னத்தின் முன் சான்சலர் வில்லி பிராண்ட் மண்டியிட்டார். அவரோ நாஜிகளை எதிர்த்து நார்வேக்கு ஓடியவர், மண்டியிட வேண்டிய கடன் அவருக்கு இல்லை. அப்போது ஒரு கருத்துக்கணிப்பில் மேற்கு ஜெர்மனியரில் 48 சதவீதத்தினர் அதை மிகை என்றனர், 41 சதவீதத்தினர் பொருத்தம் என்றனர். மறு ஆண்டு அவருக்கு அமைதி நோபல்.

● 1985 மே 8: மே 8 தோல்வி நாளல்ல, விடுதலை நாள் என்று குடியரசுத் தலைவர் வைட்ஸேக்கர் அறிவித்தார். தோற்று நாற்பது ஆண்டுகளுக்குப் பின்.

● கிழக்கு ஜெர்மனி தன்னைப் பாசிச எதிர்ப்பு நாடாகவே அறிவித்துக்கொண்டு, குற்றத்தின் வாரிசு மேற்குதான் என்றது. சுதந்திரமாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட அதன் முதல் நாடாளுமன்றம்தான் 1990 ஏப்ரல் 12 அன்று யூதர்களிடம் மன்னிப்புக் கேட்டது. ஆறு மாதத்தில் அந்த நாடே இல்லாமல் போனது.

பிரிவு 23: ஒன்றான வழி

● லைப்சிக் நகரில் 1989 அக்டோபர் 9 அன்று சுமார் 70,000 பேர் ஊர்வலம் போனார்கள். துப்பாக்கிச் சூடு நடக்கவில்லை. நவம்பர் 9 மாலை, புதிய பயண விதிகள் எப்போது அமல் என்ற செய்தியாளர் கேள்விக்குக் கிழக்கு ஜெர்மனியின் ஆளும் கட்சிப் பேச்சாளர் ஷபோவ்ஸ்கி "உடனே" என்ற பொருளில் பதில் சொல்ல, மக்கள் சோதனைச் சாவடிகளில் திரண்டார்கள். அன்றிரவே வாயில்கள் திறந்தன.

● நவம்பர் 9 ஏன் தேசிய நாளாகவில்லை? குடியரசு அறிவிப்பு (1918), ஹிட்லரின் மியூனிக் கலக முயற்சி (1923), 1938-இன் சூறையாடல், சுவர் திறப்பு (1989) எல்லாம் அதே தேதி. அதில் பட்டாசு வெடிக்க முடியாது. எனவே அக்டோபர் 3.

● நாணய இணைப்பு 1990 ஜூலை 1. ஒன்றிணைப்பு ஒப்பந்தம் ஆகஸ்ட் 31. இரு ஜெர்மனிகளும் போரில் வென்ற நான்கு வல்லரசுகளும் மாஸ்கோவில் கையெழுத்திட்ட உடன்படிக்கை செப்டம்பர் 12. ஒன்றிணைப்பு அக்டோபர் 3.

● இரண்டு வழிகள் இருந்தன. பிரிவு 146-இன்படி புதிய அரசமைப்பு எழுதலாம். பிரிவு 23-இன்படி பிற பகுதிகள் இருக்கும் சட்டத்துக்குள் வந்து சேரலாம். விரைவு கருதி இரண்டாவது தேர்ந்தெடுக்கப்பட்டது. கிழக்கின் ஐந்து மாநிலங்கள் இப்படித்தான் வந்து சேர்ந்தன. பேசி எழுதிய சட்டம் இல்லாமல், பிறர் எழுதியதற்குள் நுழைந்தோம் என்ற மனக்குறை கிழக்கில் இன்றும் உண்டு.

● சேர்ந்தவுடன் பிரிவு 23 நீக்கப்பட்டது. சேர வேண்டிய ஜெர்மன் மண் இனி எங்கும் இல்லை, போலந்து எல்லை இறுதியானது என்று அண்டை நாடுகளுக்கு அது சொன்ன உறுதி. 1992-இல் காலியாக இருந்த அந்த எண்ணில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கான புதிய பிரிவை எழுதினார்கள்.