ஆபிரகாமிடம் கேட்கப்பட்டது என்ன?

கேள்வி: எல்லாம் அறிந்த கடவுள், ஆபிரகாமைச் சோதித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டுமா? பெற்ற மகனையே பலி கேட்பது கொடுமை இல்லையா?

பதில்: கேட்க வேண்டிய கேள்விதான். ஆதியாகமம் 22-ஆம் அதிகாரத்தைப் பிள்ளை பெற்ற யாரும் பதறாமல் வாசிக்க முடியாது. விறகு சுமந்து வரும் ஈசாக்கு, நெருப்பும் கட்டையும் இருக்க, பலிக்கு ஆடு எங்கே என்று அப்பாவைக் கேட்கிறான். கையில் கத்தியோடு நடக்கும் தகப்பன், அதைத் தேவன் பார்த்துக்கொள்வார் என்கிறார். பிறகும் இருவரும் சேர்ந்தே நடக்கிறார்கள். எனக்கு அந்த நடைதான் சோதனையின் உச்சம்.

கடவுளுக்குத் தெரியாத எதுவும் அங்கே வெளிவரவில்லை. தெரியவேண்டியது ஆபிரகாமுக்கு. நூறு வயதில் பிறந்த மகன். சந்ததியைப் பற்றிக் கடவுள் கொடுத்த வாக்குத்தத்தம் முழுவதும் அவனை நம்பித்தான். வாக்குக் கொடுத்தவரை நம்புகிறாரா, கைக்கு வந்த பிள்ளையையா? மரித்தவனையும் எழுப்ப தேவனால் ஆகும் என்று ஆபிரகாம் எண்ணியதாக எபிரெயர் 11 விளக்குகிறது.

கொடுமையா? பிள்ளைகளை மோளேகு என்ற அந்நிய தெய்வத்துக்குப் பலி கொடுப்பதை லேவியராகமம் கண்டிப்பாகத் தடுக்கிறது. ஆபிரகாம் பலியிடப் போன மோரியாவிலும் கத்தியைத் தடுத்தவர் கடவுளே. புதரில் கொம்பு சிக்கிய கடா ஈசாக்குக்குப் பதிலாகப் பலியானது. ஆபிரகாமிடம் வேண்டாமென்று தடுத்ததை, தம் சொந்தக் குமாரன் விஷயத்தில் அவர் தடுக்கவில்லை என்பதுதான் கிறிஸ்தவ விசுவாசம்.

ஆகவே, பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டில் போய், கடவுள் உங்களைச் சோதிக்கிறார் என்று தயவுசெய்து யாரும் சொல்லாதீர்கள். பிள்ளையின் சாவைத் தடுத்த கடவுளைக் காட்டும் இந்த அதிகாரம் அதற்கு இடம் தரவில்லை.